நடைபாதையில் விழுந்து அடிபட்டால் நகராட்சி பொறுப்பேற்குமா? ராமநாதபுரம் கடற்கரை ஊர்களை வைத்து ஒரு விளக்கம்

2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. நடந்து போகிறவர்களுக்குத் தகுந்த நடைபாதை இருப்பது, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது அந்த உத்தரவு. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில் வந்தது அது. அதே ஆண்டு அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் இன்னொன்று சொன்னது: சாலைப் பள்ளத்தாலோ திறந்து கிடக்கும் மேன்ஹோலாலோ உயிர் போனால் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய், காயம்பட்டால் காயத்தைப் பொறுத்து 50 ஆயிரம் முதல் இரண்டரை லட்சம் வரை.

இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு, இனி சாக்கடை மூடி உடைந்து கால் உள்ளே போனால் நகராட்சியில் போய்ப் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் நடைமுறை அப்படி இல்லை. மும்பை உத்தரவு மகாராஷ்டிராவுக்கானது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் அதை எடுத்துக் காட்டி வாதாடலாம், அது அவர்களைக் கட்டுப்படுத்தாது. உச்ச நீதிமன்றம் சொன்ன உரிமை நாடு முழுவதற்கும் பொருந்தும். ஆனால், விழுந்தவருக்கு யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கு அதில் இல்லை.

அப்படியானால் ராமேஸ்வரத்திலோ கீழக்கரையிலோ தொண்டியிலோ அடிபட்டவருக்கு என்ன வழி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், அந்த இடம் யாருடையது?

இந்த வகை வழக்குகள் பலவீனமாவது பெரும்பாலும் இங்கேதான். அடிபட்டவர் 'முனிசிபாலிட்டி' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார். சட்டத்தில் அப்படி ஒரே ஆள் கிடையாது.

ராமநாதபுரம், ராமேஸ்வரம், கீழக்கரை ஆகியவை நகராட்சிகள். மண்டபமும் தொண்டியும் பேரூராட்சிகள். பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம் ஆகியவை ஊராட்சிகள். நகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998. ஊராட்சிக்கு 1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம். நகராட்சியில் ஆணையர், பேரூராட்சியில் செயல் அலுவலர் என்று மனு போகும் மேசையும் மாறும்.

அதற்கு மேல் சாலையின் வகை. மதுரையிலிருந்து ராமநாதபுரம், மண்டபம், பாம்பன் வழியாக ராமேஸ்வரம் தாண்டி தனுஷ்கோடிப் பக்கம் போவது தேசிய நெடுஞ்சாலை 87. 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலமும் அதில் சேர்ந்தது. ரயில் பாலத்தையும் கடலையும் பார்க்க வண்டியை நிறுத்திவிட்டு அந்தப் பாலத்தின் ஓரத்தில் நிற்கும் கூட்டத்தில் ஒருவர், அங்கே பெயர்ந்த கல்லில் இடறி விழுந்தால் பாம்பன் ஊராட்சியைக் கேட்டுப் பயன் இல்லை. நெடுஞ்சாலை நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும். ராமேஸ்வரம் கோயில் மதிலுக்கு வெளியே தெரு, உள்ளே பிரகாரம். பிரகாரத்தில் வழுக்கி விழுந்தால் எதிர்த்தரப்பு கோயில் நிர்வாகம்.

இன்னும் ஒரு சிக்கல்: நடைபாதை ஒருவருடையது, அதற்கு அடியில் இருப்பது வேறொருவருடையது. குடிநீர்க் குழாய்க்கு வாரியம் தோண்டியிருக்கும், கேபிளுக்கு மின்வாரியம் தோண்டியிருக்கும், மேலே பேவர் பிளாக் பதித்தது நகராட்சியின் ஒப்பந்ததாரர். கடைக்காரர் தன் வாசல்படியை நடைபாதையில் நீட்டியிருந்தால் அவரும் ஒரு தரப்பு. யார் என்று தெளிவாகத் தெரியாதபோது எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பதே வக்கீல்களின் வழக்கம். 'அது ஒப்பந்ததாரர் வேலை' என்று சொல்லி உள்ளாட்சி அமைப்பு முழுதாக ஒதுங்கிக்கொள்ள முடியாது. பொது இடத்தைப் பாதுகாப்பாக வைக்கும் கடமை அதனுடையது. ஒப்பந்ததாரரிடமிருந்து பிறகு வசூலிப்பது அவர்களுக்குள் தீர்க்க வேண்டிய கணக்கு.

அரசு அமைப்பின் மேல் வழக்குப் போட முடியுமா?

முடியும். இந்தச் சந்தேகத்துக்கு 1962-லேயே பதில் வந்துவிட்டது. உதய்ப்பூரில் கலெக்டருக்கு ஒதுக்கிய அரசு ஜீப்பை அதன் ஓட்டுநர் பழுதுபார்க்கும் இடத்திலிருந்து திருப்பி எடுத்து வரும் வழியில், நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஒருவர்மேல் மோதினார். அவர் இறந்தார். ராஜஸ்தான் அரசு எதிர் வித்யாவதி என்ற அந்த வழக்கில், தனியார் முதலாளியைப் போலவே அரசும் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகராட்சியோ தன் பெயரில் வழக்குத் தொடுக்கவும், தன்மேல் தொடுத்த வழக்கைச் சந்திக்கவும் கூடிய சட்ட அமைப்பு. அரசு என்பதாலேயே வழக்குப் போட முடியாது என்ற 'இறையாண்மைப் பாதுகாப்பு' வாதம் நடைபாதை பராமரிப்பில் எடுபடுவது கடினம்.

'நிதி இல்லை' என்பது அடுத்த பதில். மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகராட்சி தன் ஊர்ச் சாக்கடை விவகாரத்தில் இதைத்தான் சொன்னது. 1980-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. பணம் இல்லை என்று சொல்லி ஓர் உள்ளாட்சி அமைப்பு தன் அடிப்படைக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்பது அன்றிலிருந்து நிலையான சட்டம்.

அலட்சியம் என்பதை நிரூபிப்பது எப்படி?

விழுந்தது மட்டும் போதாது. நான்கு விஷயங்கள் சேர வேண்டும்.

1. எதிர்த்தரப்புக்கு அந்த இடத்தைப் பாதுகாப்பாக வைக்கும் கடமை இருந்தது.
2. அந்தக் கடமையில் தவறினார்கள்.
3. அந்தத் தவற்றால்தான் விழுந்தார். மயக்கத்தாலோ யாரோ தள்ளியதாலோ அல்ல.
4. அதனால் உண்மையான இழப்பு ஏற்பட்டது.

சண்டை முழுக்க இரண்டாவதில்தான். ஆபத்து இருப்பது அவர்களுக்குத் தெரியுமா, அல்லது தெரிந்திருக்க வேண்டுமா? இதைப் புரிந்துகொள்ள மூன்று தீர்ப்புகள் போதும்.

டில்லி சாந்தினி சவுக்கில் மாநகராட்சியின் கட்டுப்பாட்டில் இருந்த மணிக்கூண்டு 1951-ல் இடிந்து விழுந்து மக்கள் இறந்தார்கள். அதன் வயது சுமார் 80. அதில் பயன்படுத்திய சாந்துக்கு ஆயுள் 40, 45 ஆண்டுதான். சுபாக்வந்தி வழக்கு என்று அறியப்படும் இதில் 1966-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: சாலையோரம் நிற்கும் கட்டடம் இடிந்து விழுந்ததே அலட்சியத்தைக் காட்டுகிறது. குறை வெளியே தெரிந்ததா, உள்ளே மறைந்திருந்ததா என்பதெல்லாம் உரிமையாளரைக் காப்பாற்றாது.

அடுத்த இரண்டும் மர வழக்குகள். ராஜ்கோட்டில் நடைபாதையில் நடந்து போனவர்மேல் மரம் சாய்ந்து அவர் இறந்தார். 1997-ல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சி பொறுப்பில்லை என்று விட்டுவிட்டது. இரண்டே ஆண்டு கழித்து, 1999-ல், டில்லியில் ஸ்கூட்டரில் போனவர் தலையில் கிளை விழுந்து இறந்த சுஷீலா தேவி வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் மாநகராட்சியைப் பொறுப்பாக்கியது. என்ன வித்தியாசம்? டில்லி மரம் பட்டுப்போன மரம். பார்த்தாலே ஆபத்து தெரியும், வெட்டியிருக்க வேண்டும். ஊகிக்க முடிந்த ஆபத்தா இல்லையா என்ற ஒரே கோட்டில் இரண்டு தீர்ப்பும் பிரிகின்றன.

கடற்கரையில் 'தெரியாது' என்பது ஏன் பலவீனமான பதில்

ஊருக்கு ஊர் வழக்கு மாறுவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. உள்நாட்டு ஊரில் சாக்கடைக்கு மேல் போட்ட கான்கிரீட் சிலாப்பு திடீரென்று உடைந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்தது எங்களுக்கு எப்படித் தெரியும் என்று பொறியாளர் கேட்கலாம். பாம்பனிலும் கீழக்கரையிலும் அப்படிக் கேட்க முடியுமா?

கடல் காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டின் நுண்துளை வழியே உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடித்தால் துரு முதலில் இருந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கும். முதலில் கம்பி ஓடும் திசையில் மெல்லிய விரிசல், அப்புறம் பழுப்புக் கறை, பிறகு அடிப்பக்கம் சில்லுச் சில்லாகப் பெயர்வது. மேலே நடப்பவருக்குச் சிலாப்பு நன்றாகவே இருப்பதாகத் தோன்றும். கீழே பாதி போயிருக்கும்.

இது ரகசியமான அறிவு இல்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456, 2000-ம் ஆண்டுப் பதிப்பு, கடலோரச் சூழலைக் 'கடுமையான' வகையில் சேர்க்கிறது. அங்கே குறைந்தது எம்30 தரக் கான்கிரீட் (எண் கூடினால் வலிமை கூடும்), கம்பிக்கு மேல் குறைந்தது 45 மில்லிமீட்டர் கனம். கடல் நீர் நேராகத் தெறிக்கும் இடம் என்றால் 'மிகக் கடுமையான' வகை: எம்35, 50 மில்லிமீட்டர். சாதாரணச் சூழலுக்கு 20 மில்லிமீட்டர் போதும். நான்கு அங்குலச் சிலாப்பில் இருபுறமும் 45 மில்லிமீட்டர் விட்டால் நடுவில் கம்பிக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒல்லியாக வார்த்துக் கொண்டுவந்து கவிழ்க்கும் சிலாப்பு இந்தக் கரைக்குப் பொருந்தாது என்பது காகிதத்திலேயே தெரிந்துவிடும். அதனால் இங்கே கம்பி துருப்பிடிப்பதை எதிர்பாராத விபத்து என்று சொல்லவே முடியாது. எத்தனை ஆண்டில் நடக்கும் என்பது மட்டும்தான் கேள்வி, அதற்காகத்தான் ஆய்வு இருக்கிறது.

இரண்டாவது, நடப்பவர் யார் என்பது. சட்டம் கேட்பது அந்த இடத்தை வழக்கமாகப் பயன்படுத்துகிறவருக்கு அது பாதுகாப்பா என்றுதான். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முழுகி எழுந்து, ஈர உடையோடு வெறுங்காலில் கிழக்குக் கோபுரத்துக்கு நடந்து, உள்ளே 22 தீர்த்தமும் ஆடுகிறவர்கள்தான் அந்தப் பாதையின் வழக்கமான பயனாளிகள். அவர்களில் வயதானவர்கள் நிறைய. தமிழில் 'எச்சரிக்கை' என்று எழுதி வைத்தால் படிக்கத் தெரியாதவர்களும் நிறைய. அந்தப் பாதையில் பளபளப்பாக இழைத்த வழுவழு டைல்ஸைப் பதித்துவிட்டு, செருப்புப் போடாமல் ஏன் நடந்தார் என்று கேட்பது எடுபடாது. கீழக்கரையின் குறுகிய தெருக்களில் சாக்கடை மூடிதான் நடைபாதை. அதை விட்டு இறங்கினால் வண்டி. அங்கே 'மூடிமேல் ஏன் மிதித்தீர்கள்' என்ற கேள்விக்கும் அதே கதிதான்.

அளவுகோல் ஏதும் எழுதி வைத்திருக்கிறதா என்றால் இருக்கிறது. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 என்ற வழிகாட்டி, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் கேட்கிறது. ஓரக்கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. பழைய தெருக்களில் இது கனவுதான். அகலம் குறைந்ததற்காக மட்டும் யாருக்கும் இழப்பீடு கிடைத்துவிடாது. ஆனால் புதிதாகப் போட்ட நடைபாதை இந்த அளவை மீறியிருந்தால் அது நல்ல சாட்சி.

எதிர்த்தரப்பு என்ன சொல்வார்கள்?

உங்கள் கவனக்குறைவும் உண்டு என்பார்கள். போனைப் பார்த்துக்கொண்டே நடந்தது, தடுப்பு வைத்திருந்தும் தாண்டியது, குடித்திருந்தது போன்றவை நிரூபணமானால் இழப்பீட்டில் ஒரு பங்கைக் குறைப்பார்கள். வழக்கே தள்ளுபடி ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் அது திரும்ப அவர்கள் தலையில்தான் விழும், அதையும் மனுவில் எழுதுங்கள்.

எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

1. உரிமையியல் நீதிமன்றம். இழப்பீட்டுக்கான இயல்பான வழி இதுதான். மெதுவானது, ஆனால் சாட்சி, மருத்துவர், பொறியாளர் எல்லோரையும் விசாரிக்க இடம் உண்டு. காலக்கெடுதான் ஆபத்து. சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்ததற்கோ செய்யாமல் விட்டதற்கோ இழப்பீடு கேட்கும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டம், 1963-ன் 72-வது இனம் தருவது ஓராண்டு. மரணம் என்றால் 1855-ம் ஆண்டு உயிரிழப்பு விபத்துகள் சட்டப்படி குடும்பத்துக்கு இரண்டாண்டு. அரசுத் துறைமேல் வழக்கு என்றால் அதற்கு இரண்டு மாதம் முன்பே அறிவிப்பு அனுப்ப வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-வது பிரிவு அது. உள்ளாட்சிச் சட்டங்களும் இதுபோல முன்னறிவிப்பு கேட்பது வழக்கம். கட்டுப் பிரித்து, நடக்கத் தொடங்கி, கோபம் ஆறி, அப்புறம் வக்கீலைப் பார்க்கலாம் என்றிருந்தால் கெடு போய்விடும்.

2. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. ராமநாதபுரம் மாவட்டம் அதன் எல்லைக்குள் வருகிறது. அரசியல் சட்டத்தின் 226-வது பிரிவின்கீழ் ரிட் மனு (அரசு அமைப்புக்கு உத்தரவிடக் கேட்கும் மனு) போட்டு நேராக இழப்பீடு கேட்கலாம். உண்மைகளில் தகராறு இல்லாதபோது, உதாரணமாகத் திறந்த மேன்ஹோலில் விழுந்து இறந்ததை அதிகாரிகளே ஒப்புக்கொள்ளும்போது, இது வேகமான வழி. 'அங்கே விழவே இல்லை' என்று அவர்கள் மறுத்தால், சாட்சி விசாரணை தேவை, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று அனுப்பிவிடக்கூடும். வாழ்வுரிமை பற்றிய 2025 உத்தரவு அதிகம் உதவப்போவது இந்த வழியில்தான்.

3. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம். வெறுமனே இடறி விழுந்ததற்கு இங்கே இடமில்லை, வண்டி ஒன்று சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். நடைபாதை உடைந்திருந்ததால் சாலையில் இறங்கி நடந்து வண்டி மோதியது என்றால் இங்கே போகலாம்.

4. கோட்டாட்சியர் அல்லது வேறு நிர்வாக நடுவர். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133. பொதுவழியில் உள்ள ஆபத்தை அகற்றச் சொல்லி உத்தரவு வாங்கலாம். ரத்லம் வழக்கு தொடங்கியதே இந்தப் பிரிவில்தான். பணம் கிடைக்காது, பள்ளம் மூடப்படும்.

நுகர்வோர் நீதிமன்றத்தைப் பலர் கேட்கிறார்கள். வரி என்பது குறிப்பிட்ட சேவைக்குக் கொடுத்த கட்டணம் ஆகாது என்பதால் நடைபாதையில் நடப்பவர் பொதுவாக 'நுகர்வோர்' ஆக மாட்டார்.

2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் வந்த 198ஏ பிரிவைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. சாலை வடிவமைப்பு, பராமரிப்புத் தரத்தை மீறியதால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்த அபராதம் விபத்து நிதிக்குப் போகிறது, அடிபட்டவர் கைக்கு வராது.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் 'இங்கேயெல்லாம் உடனே கொடுத்துவிடுவார்கள்' என்பார்கள். அதிலும் பாதிதான் உண்மை. இங்கிலாந்தில் 1980-ம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 41-வது பிரிவு பராமரிப்பைக் கடமையாக்குகிறது. ஆனால் முறையாக ஆய்வு செய்து வந்தோம் என்று காட்டினால் 58-வது பிரிவில் அந்த அமைப்பு தப்பிக்கலாம். நியூயார்க்கில் 2003-லிருந்து பெரும்பாலான நடைபாதைகளுக்கு நகரம் பொறுப்பில்லை, பக்கத்துக் கட்டடத்தின் சொந்தக்காரர்தான் பொறுப்பு. சிறிய, உரிமையாளரே குடியிருக்கும் வீடுகளுக்கு மட்டும் விலக்கு.

அடிபட்ட அன்றே செய்ய வேண்டியவை

1. விழுந்த இடத்தைப் படம் எடுங்கள். அருகே அளவு தெரியும் ஒரு பொருளை வைத்து ஒரு படம், கடைப் பலகையோ மின்கம்ப எண்ணோ தெரிய ஒரு படம், துரு தெரியும்படி உடைந்த சிலாப்பின் அடிப்பக்கம் ஒரு படம். மறுநாளே புதுச் சிலாப்பு போட்டுவிடுவார்கள். ஊருக்கு நல்லதுதான், உங்கள் சாட்சி போய்விடும். படம் எடுத்த போனை வைத்திருங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் தேவை, வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படத்துக்கு அதை வாங்குவது தலைவலி.

2. அரசு மருத்துவமனையில் எப்படி அடிபட்டது என்று சொல்வது விபத்துப் பதிவேட்டில் ஏறும். 'கீழே விழுந்தார்' என்று மட்டும் எழுதாமல், எந்தத் தெருவில், எதனால் என்று எழுதச் சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பி என்று கேட்டு வாங்குங்கள். வழக்கில் முதலில் திறக்கும் தாள் அது.

3. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்குங்கள்.

4. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு. பதிலுக்கு 30 நாள். கேட்க வேண்டியவை: அந்தச் சாலை யார் பொறுப்பு, கடைசியாக எப்போது வேலை நடந்தது, ஒப்பந்ததாரர் யார், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (குறை வந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம்) எவ்வளவு, எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) நகல், அதே இடம்பற்றி முன்பு வந்த புகார்கள். கடைசியாகச் சொன்னது கிடைத்துவிட்டால் 'எங்களுக்குத் தெரியாது' என்ற பதில் அங்கேயே முடிந்தது. அதனால்தான் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் யாராவது கொடுத்து வைத்த மனு, பிறகு அடிபடும் வேறொருவருக்கு ஆதாரமாகிறது.

வருமான இழப்பை நிரூபிப்பது இந்தக் கரையில் தனிப் பிரச்சினை. கூடை சுமந்து மீன் விற்கிறவர், கடல்பாசி எடுக்கிறவர், கருவாடு போடுகிறவர் யாரிடமும் சம்பளச் சீட்டு இல்லை. மீனவர் நலவாரிய அட்டை, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பதிவு, ஏலக்காரரின் கணக்கு நோட்டு, மகளிர் குழு வங்கிப் புத்தகம் என்று கிடைப்பதைச் சேர்க்க வேண்டும். ஒன்றும் இல்லாதபோது நீதிமன்றம் உத்தேச வருமானம் ஒன்றை வைத்துக் கணக்கிடும், அது நிஜத்தைவிடக் குறைவாகவே இருக்கும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

யாத்திரை வந்து அடிபட்டவரின் நிலை இதைவிட மோசம். சம்பவம் நடந்ததும் எதிர்த்தரப்பு இருப்பதும் இங்கே என்பதால் வழக்கும் இங்கேதான் போட வேண்டும், அவர் சொந்த ஊரில் போட முடியாது. அடுத்த ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருப்பார். புறப்படுவதற்கு முன் மேலே சொன்ன முதல் மூன்றையாவது செய்ய லாட்ஜ்காரரோ ஆட்டோக்காரரோ உதவினால் பிறகு இங்கே ஒரு வக்கீலுக்கு அதிகாரம் கொடுத்து நடத்தலாம்.

இனி கவனிக்க வேண்டியது

2025 அக்டோபர் 7 அன்று அதே ராஜசேகரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆறு மாதக் கெடு கொடுத்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ), 210டி பிரிவுகளின்கீழ், பாதசாரிகள் நடமாட்டத்துக்கும் தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளின் வடிவமைப்பு, பராமரிப்புத் தரத்துக்கும் விதிகள் வகுக்கச் சொன்னது. விதி வரும்வரை ஐ.ஆர்.சி. அளவு வெறும் வழிகாட்டி. விதியாக எழுதப்பட்டால் அதை மீறியதைக் காட்டினாலே கடமை தவறியதை நிறுவுவதில் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். தமிழ்நாட்டு விதிகளைப் படிக்கும்போது கடற்கரை ஊர்க்காரர்கள் மூன்றைத் தேட வேண்டும்: சாக்கடை மூடிச் சிலாப்புக்கு ஐ.எஸ். 456-ன் கடலோரத் தரம் கட்டாயமா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு, ஒரே தெருவில் நெடுஞ்சாலைத் துறையும் நகராட்சியும் வாரியமும் இருந்தால் விழுந்தவருக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியது யார்.